11 கிலோமீட்டர் தாண்டி ஒரு மூணாங்கிளாஸ்

ஏ புள்ள,

நல்லாருக்கியா, அண்ணன் நல்லாருக்காகளா, பையனுக்கு சளி விட்டுச்சா. சிங்கப்பூர்ல இருந்து நீ அனுப்புன லெட்டர் வந்து 10 நாளாச்சு, ஒரு கல்யாண ஆர்டர்ல சீப்பு சீடையும் மணகோலமும் போட்டுக்கிட்டு கிடந்தேன், கை ஒழியல. நேத்து ராத்திரிதான் கடைசி டின்னை கட்டி அனுப்புனேன், இன்னைக்கு மத்தியானம் திண்ணையில உக்காந்து நீ எழுதுனதை மறுபடி முழுசா படிச்சேன்.

பையனை ஒண்ணாம் வகுப்பு சேக்குறதுக்கு வீட்டையே மாத்தலாமான்னு யோசிக்கிறேன்னு எழுதியிருந்த பாரு, அதைப் படிச்சதும் எனக்கு திக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா இந்த வருசம் நானும் அதே கவலையிலதான் கிடந்தேன். பாப்பாவை நம்ம ஊர் ஸ்கூல்ல இருந்து எடுத்து காரைக்குடி ஸ்கூல்ல சேத்துட்டேன் புள்ள. ஒன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்ல மனசு வரல, நீயும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்ச ஸ்கூல் இல்லையா.

நம்ம மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப நம்ம கிளாஸ்ல மட்டும் 28 பேரு, ஞாபகம் இருக்கா. போன வருசம் மொத்த ஸ்கூலுக்கே 17 பேரு. பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு, படைப்புக்கும் திருவிழாவுக்கும் கார்ல வந்து இறங்கி ரெண்டு நாள் இருந்துட்டு போயிர்றாக, அந்த வீட்டை நம்பி வேலை பாத்த குடும்பமெல்லாம் திருப்பூர் கோயம்புத்தூர்னு போயிருச்சு, இருக்குறவுகள்ல காசு உள்ளவுக மெட்ரிக் வேன்ல ஏத்தி விட்டுர்றாக. மிச்சம்தான் அந்த 17. சட்டப்படி 60 புள்ளைக வரைக்கும் ரெண்டு டீச்சர்தான், அஞ்சு கிளாசையும் அந்த ரெண்டு பேருதான் பாக்கணும், ஒருத்தர் டிரெய்னிங்னு போயிட்டா அன்னைக்கு ஒரே ஆளு. டீச்சரை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பாப்பாவுக்கு வாசிக்க கத்துக் குடுத்ததே அவங்கதான்.

ஆனா உள்ள போனதும் சுவத்துல கரும்பலகையில எழுதிப் போட்டிருப்பாங்கல்ல, எந்த வகுப்புல எத்தனை பேருன்னு. போன வருசம் பாப்பா இருந்த ரெண்டாம் வகுப்புக்கு நேரா ஆண் 0, பெண் 1, மொத்தம் 1. அந்த ஒண்ணு என் மக. ஒருநாள் வீட்டுக்கு வந்து, அம்மா நான்தான் ஃபர்ஸ்ட் ரேங்க், நான்தான் லாஸ்ட் ரேங்குன்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா, எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல. கூட உக்காந்து சண்டை போட, கணக்கு தப்பாப் போட்டா எட்டிப் பாத்து சொல்ல ஒரு சோட்டு புள்ள இல்லாம ஒரு கொழந்தை எப்படி புள்ள படிக்கும்.

நாத்தனார் சொன்னாக, 25 சதவீத கோட்டாவுல பிரைவேட்ல போடுன்னு. அது எல்கேஜி மாதிரி தொடக்க கிளாசுக்குத்தான், அதுவும் வீட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும், நம்ம ஊருல ஏது. அப்புறம் எய்டட் ஸ்கூல் ஒண்ணு சொன்னாக, அவரு ஒத்துக்கல. ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சாத்தான் டாக்டர் சீட்டுல அந்த 7.5 சதவீதம், 2020-ல இருந்து குடுக்குறாங்கல்ல, எய்டட்டுக்கு அது கிடையாது, அதனால இப்ப இருந்தே கவர்மென்ட்லயே இருக்கட்டும்னு பிடிவாதமா சொல்லிட்டாரு. எனக்கு டாக்டரெல்லாம் அப்புறம், கிளாஸ்ல 20 புள்ளைக இருந்தாப் போதும்.

மார்ச்ல அட்மிஷன் ஆரம்பிச்சுட்டாங்கன்னு காரைக்குடி போனேன், முத்துமாரியம்மன் மாசி பங்குனி கூட்டம், பால்குடத்துக்கு நடுவுல வழி பிடிச்சு போய்ச் சேந்தா, ஹெச்எம் முதல் கேள்வியே எந்த வார்டுன்னு. ஊர் பேரைச் சொன்னேன். ஒங்க ஊர்லயே ஸ்கூல் இருக்குல்ல, இங்க வார்டு புள்ளைகளுக்கே இடம் பத்தல, போயிட்டு வாங்கன்னாங்க. உக்காரச் சொல்லக்கூட இல்ல. பாப்பா வெளியில ஜன்னல் வழியா கிளாசை எட்டிப் பாத்துக்கிட்டு நின்னா. திரும்புறப்ப பஸ்ல ஒண்ணும் பேசல, கோட்டையூர் தாண்டுனதும், அந்த கிளாஸ்ல எல்லாரும் சத்தமா ஒண்ணா வாய்ப்பாடு சொன்னாங்கம்மான்னு மட்டும் சொன்னா.

பள்ளத்தூர்ல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, நம்மகிட்ட பலகாரம் வாங்குறவரு, அவருகிட்டதான் போய் அழுதேன். அவரு ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு பொறுமையா சொன்னாரு. 2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள்ள, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 3 கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும்னு நம்ம தமிழ்நாட்டு விதியில இருக்குறது கவர்மென்ட் நமக்கு செஞ்சு குடுக்க வேண்டிய கடமையாம், அதைத் தாண்டி நம்ம போகக் கூடாதுன்னு அர்த்தமே இல்லையாம். அஞ்சாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எந்தக் காரணத்துக்காகவும் புள்ளை ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து இன்னொண்ணுக்கு மாற உரிமை உண்டு, பழைய ஸ்கூல் ஹெச்எம் உடனே டிசி குடுக்கணும், டிசி வர லேட்டாச்சுன்னு புது ஸ்கூல்ல சேக்காம இருக்கக் கூடாது. இதை நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். வாய்ல கேட்டா வாய்லயே இல்லன்னுருவாங்க தாயி, மனுவா எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்குன்னு அவருதான் சொல்லி விட்டாரு.

ரெண்டாவது தடவை மனுவோட போனேன். அந்தம்மா முழுசா படிச்சாங்க, கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் உக்காருங்கன்னாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு புள்ள, அதை மறைக்க மாட்டேன். வெளியூர் புள்ளைகளா இப்பவே நிரப்பிட்டா ஜூன்ல இந்தத் தெரு புள்ளை வந்து நின்னா நான் எங்க உக்கார வைக்கன்னு கேட்டாங்க, 30 புள்ளைக்கு ஒரு டீச்சர்ங்கறதுதான் கணக்கு, அதுக்கு மேல போனா நிக்கிற டீச்சருக்குத்தான் கஷ்டம். ஜூன்ல வாங்க, இடம் இருந்தா ஒங்க பாப்பாதான் முதல்லன்னு மனுவுல கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. ஜூன்ல மூணாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுல 26 பேரு இருந்தாங்க, பாப்பா 27.

கஷ்டமானது நம்ம ஸ்கூல்ல டிசி வாங்குனதுதான். டீச்சர் ஒரு வார்த்தை தடுக்கல. எமிஸ்னு கல்வித்துறை கம்ப்யூட்டர் பதிவு இருக்குல்ல, அதுல பாப்பா பேரை நம்ம ஸ்கூல்ல இருந்து எடுத்து காமன் பூலுங்கற பொதுப் பட்டியல்ல போட்டாத்தான் அந்த ஸ்கூல்ல அவங்க சேத்துக்க முடியும், யூனிஃபார்ம் புக்கு எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும், அதனால உடனே செஞ்சு குடுத்தாங்க. முடிச்சுட்டு எந்திரிச்சுப் போய் அந்தக் கரும்பலகையில மூணாம் வகுப்புக்கு நேரா இருந்த 1-ஐ முந்தானையால தொடச்சாங்க. 0-ன்னு எழுதிட்டு சாக்பீசைக் கையிலயே வச்சுக்கிட்டு, ஒங்க மேல தப்பில்லம்மா, எங்க புள்ளையா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்னாங்க. பாப்பா அவங்க இடுப்பைக் கட்டிக்கிட்டு அழுதா. நான் வெளியில வந்து அந்த வேப்பமரத்தடியில நின்னேன், நீ பல்லு விழுந்ததை புதைச்சு வச்சியே, அந்த மரம்தான்.

இப்ப நல்லா போறா. காலையில 7.40 டவுன் பஸ். அவளுக்கு யூனிஃபார்ம் போட்டா டிக்கெட் இல்ல, எனக்கும் லேடீஸ்னு டிக்கெட் இல்ல, இது ரெண்டும் இல்லாட்டி இந்த 11 கிலோமீட்டரை நான் நெனச்சே பாத்திருக்க முடியாது, வேனுக்கு மாசம் 1,500 கேட்டாங்க. 8.20-க்கெல்லாம் உள்ள போயிருவா, காலைச் சாப்பாடு அங்கயே, புதன்கிழமை பொங்கல்னா வீட்டுல ஒண்ணும் தொட மாட்டா. முதல் வாரம் பஸ்லயே தூங்கிருவா, என் மடியில சாஞ்சு, பை கழுத்துலயே தொங்கும். இப்ப ரெண்டு சேக்காளி பிடிச்சுட்டா. போன வாரம் கணக்குல நாலாவது வந்துருக்கா, நாலாவது வந்துட்டேன்னு பஸ்ல இருந்த எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டே வர்றா, அந்த சந்தோசத்தை நீ பாத்திருக்கணும்.

ஒன் விசயத்துக்கு வர்றேன். அங்க சிட்டிசன் முன்னாடி, பிஆர்னு நிரந்தரமா தங்க அனுமதி வாங்குனவுக பின்னாடி, அதுக்குள்ள 1 கிலோமீட்டருக்குள்ள இருக்குறவங்களுக்கு முன்னுரிமை, அப்புறம் 2 கிலோமீட்டர் வரைக்கும், இடம் பத்தலன்னா குலுக்கல்னு எழுதியிருக்க. புது அட்ரஸைக் காட்டி சேத்தா அங்கயே 30 மாசம் குடியிருந்தே ஆகணும்னும் எழுதியிருக்க. நீங்க பிஆர், இம்புட்டு வாடகையைக் குடுத்து வீடு மாறி, குலுக்கல்ல பேரு வராமப் போச்சுன்னா என்ன செய்வ. எனக்குப் பட்டதைச் சொல்றேன், வீட்டை மாத்தாத. ஒன் பிளாக்குக்குப் பக்கத்துல இருக்குற ஸ்கூலுக்கு ஒரு நாள் பையனைக் கூட்டிட்டுப் போய், அந்த வாசல்ல மணி அடிக்கிற நேரத்துக்கு நின்னு பாரு, வெளியில வர்ற புள்ளைக மொகம் எப்படி இருக்குன்னு பாரு, தமிழ் டீச்சர் யாருன்னு கேளு. என் மக ஊருல ஒத்தையா இருந்தா, அதுக்காக நான் தூரம் போனேன். ஒன் பையனுக்கு அந்தக் குறை இல்லையே, அவனோட விளையாடுற பசங்க எல்லாம் அந்த ஸ்கூலுக்குத்தான போறாங்க. அண்ணன்கிட்டயும் இதைக் காட்டு.

இன்னொண்ணு ஒன்கிட்ட கேக்கணும். கண்மாய்க்கு அங்கிட்டு செங்கச் சூளையில வெளி மாவட்டத்துல இருந்து வந்த குடும்பம் நாலு இருக்கு, புள்ளைக ஆறு பேரு, ஸ்கூலுக்கே போகாம கல்லு அடுக்கிக்கிட்டு கிடக்குதுக. டிசி இல்ல, பொறந்த சர்ட்டிபிகேட் இல்ல, சேக்க மாட்டாங்கன்னு அதுக அம்மாமாரு பயந்து கிடக்காக. வயசு சர்ட்டிபிகேட் இல்லன்னு சேக்காம இருக்கக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு, வாத்தியாரு காட்டுனாரு. டீச்சர்கிட்ட சொன்னேன், நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னாங்க, கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு. ஆனா சூளையில இருந்து ரெண்டரை கிலோமீட்டர், கண்மாய்க்கரை வழியா சின்னப் புள்ளைக நடந்து வர முடியாது, மழைக்காலத்துல சுத்தமா முடியாது. ஆட்டோக்காரரு காலையில சாயங்காலம் ரெண்டு நேரமும் மாசம் 3,000-க்கு வர்றேங்கறாரு. 1,000 டீச்சர் குடுக்குறேங்கறாங்க, பலகார காசுல நான் 500 போடுறேன். ஆறுல ரெண்டு புள்ளை மூணாம் வகுப்பு வயசு.

மிச்சத்துக்கு ஒன்னால எம்புட்டு முடியும்னு யோசிச்சுச் சொல்லு, முடியாட்டியும் கூச்சப்படாம சொல்லு, நம்ம கூட படிச்ச மத்தவுகளையும் கேக்கலாம். திங்கக்கிழமை சூளைக்குப் போய் அதுக அம்மாமாருகிட்ட பேசப் போறேன், பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன், அவ பழைய ஸ்லேட்டை எடுத்து இப்பவே பையில வச்சுட்டா.

டிசம்பர்ல வர்றப்ப கவுனி அரிசி செஞ்சு வைக்கிறேன்.

இப்படிக்கு
ஒன் பக்கத்து பெஞ்சுக்காரி