தராசோடு டேப்பும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்). 165 செ.மீ. உயரம், 62 கிலோ என்றால் 22.8. இந்தியர்களுக்கு 23-இல்தான் அதிக எடை தொடங்குகிறது என்பதால், மருத்துவ முகாம்களில் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தசை எது, தொப்பை எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நம்மூர் உடல்வாகு அதில் எளிதாகத் தப்பிவிடும். சர்க்கரை நோயிடம் தப்பாது.

முகாம்களில் இடுப்புச் சுற்றளவையும் எடுக்க வேண்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் பார்க்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பேன்ட் நிற்கும் இடம் பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே. அங்கே அளந்தால் குறைத்துக் காட்டும். ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80 செ.மீ. அதைத் தொட்டால், பி.எம்.ஐ. எதுவானாலும் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும்.

– பொது மருத்துவர், மதுரை