புகைக்கூட்டைப் பெருப்பிக்காதீர்கள், உயர்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கையில் மட்டும் இந்த வருடம் மூன்று வீட்டில் புதிதாக விறகு அடுப்பு கட்டினார்கள். மூன்றிலும் புகை வெளியே போகாமல் குசினிக்குள்ளேயே சுற்றுகிறது. மூன்று வீட்டிலும் மேசன் பாஸ் சொன்னது ஒன்றுதான், "குழாய் சின்னன், பெரிசாப் போடுவோம்." இதே பேச்சைக் கேட்டு நாங்களும் காசைக் கொட்டி, கடைசியில் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பக் கட்டினோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

2022 இல் காஸ் வரிசையில் நின்றதைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் குசினியின் பின்மூலையில் அடுப்பு கட்டினோம். காஸ் திரும்பி வந்த பிறகும் அதை விடவில்லை, மாமிக்கு விறகில் வெந்த சோறுதான் சோறு. ஆனால் புகை! 6 அங்குலத் தகரக் குழாயைச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே எடுத்து, மூன்றடி படுக்கையாகக் கொண்டுபோய், பிறகு எல்போ என்கிற வளைவுத் துண்டு வைத்து மேலே திருப்பி, கூரை விளிம்போடு நிறுத்தியிருந்தார்கள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்தே கறி சமைப்பார். கண் வைத்தியர் முதலில் கேட்ட கேள்வியே வீட்டில் என்ன அடுப்பு என்பதுதான். அதற்குப் பிறகுதான் பாஸின் சொல்லைக் கேட்டு 9 அங்குலக் குழாய் போட்டோம். புகை இன்னும் கூடிவிட்டது.

ஏன் கூடியது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. புகைக்கூடு புகையை இழுப்பது அதன் வாய் பெரிதாக இருப்பதால் இல்லை. குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றை விட லேசு, அதனால் மேலே எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்ப அடுப்பு வாயால் காற்று உள்ளே வருகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆக இழுவைக்கு வேண்டியது சூடும் உயரமும். 6 அங்குலத்தை 9 ஆக்கினால் குழாயின் பரப்பு இரண்டே கால் மடங்காகிறது, அதே புகை பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் ஏறும், போகிற வழியிலேயே ஆறிப்போகும். ஆறிய புகைக்கு மேலே போக என்ன அவசரம்? வளைவுகளும் அப்படித்தான், ஒவ்வொரு எல்போவும் ஒரு தடை. படுக்கையாகப் போகிற குழாய் அதைவிட மோசம், அந்த மூன்றடியில் புகை ஏறவே இல்லை, ஆறியது மட்டும்தான்.

கொழும்புக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நுவரெலியாவில் இரவில் வெளியே 10, 12 பாகைக்கு இறங்கிவிடும், வீட்டுக்குள் அதைவிடச் சூடு, அதனால் நெருப்பு மூட்ட முதலே அங்குள்ள பழைய பங்களாக்களின் புகைக்கூடு கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். இங்கே பகலில் உள்ளேயும் 30, வெளியேயும் 30. மூட்டாத புகைக்கூடு இங்கே வெறும் குழாய்தான். ஆகவே முதலில் குழாயைச் சூடாக்க வேண்டும். நான் இரண்டு தாள் பேப்பரைச் சுருட்டி, குழாயின் அடிவாயில் வைத்துக் கொளுத்துவேன். "குப்" என்று ஒரு சத்தம் மேலே போகும், அதற்குப் பிறகுதான் சிரட்டையும் சுள்ளியும் வைத்து அடுப்பை மூட்டுவேன்.

இழுக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டாத அடுப்பு வாயில் ஊதுபத்தியைப் பிடித்தேன், புகை உள்ளே போகாமல் நேரே என் முகத்துக்கு வந்தது. குழாய்க்கு மேலேயிருந்து காற்று கீழே வந்துகொண்டிருந்தது! பார்த்தால் காஸ் குக்கருக்கு மேலே இருந்த காற்றிழுக்கும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கதவும் யன்னலும் பூட்டு. அது வீட்டுக்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதற்கு ஈடான காற்று புகைக்கூட்டால் இறங்கியது. ஃபேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன், ஊதுபத்திப் புகை கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு மெல்ல மெல்ல அடுப்புக்குள் திரும்பியது. இப்போது அடுப்பு எரியும்போது எங்கள் வீட்டில் அந்த ஃபேன் போடுவதில்லை.

சரி, கடைசியில் என்ன செய்தோம்? 9 அங்குலத்தைக் கழற்றிவிட்டு மறுபடி 6 அங்குலம், இந்த முறை சுவரால் இல்லை, அடுப்புக்கு நேர் மேலே கூரையால். ஒரு வளைவும் கிடையாது. கூரைக்கு மேலே தெரிகிற பகுதிக்கு றொக்வூல் என்கிற, சூட்டை வெளியே விடாத பஞ்சு மாதிரிப் பொருளைச் சுற்றி வெளியே தகரம் போட்டோம், சூடு தங்குவதற்கு. உயரம் முந்தி 7 அடி, இப்போது 14. உயரத்தை இரட்டிப்பாக்கினால் இழுவையின் வேகம் இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய 1.4 மடங்குதான், ஆனால் அதுவே போதும். கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து 3 அடி மேலே நிற்க வேண்டும், சுற்றி 10 அடிக்குள் இருக்கிற எதையும் விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கடல் பக்கமிருந்து அடிக்கிறபோது பக்கத்து மாடிச் சுவரில் மோதிக் கீழே விழும். பழைய குழாய் அந்தச் சுவரடியில்தான் நின்றது. மழைத்தொப்பியையும் பாருங்கள், எங்களுடையதற்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான் விட்டிருந்தார்கள், இப்போது நான்கு அங்குலம்.

விறகு ஈரமென்றால் இதெல்லாம் செய்தும் பயனில்லை. மழைக்காலத்தில் கொண்டுவந்து இறக்குகிற இறப்பர் விறகை அன்றே வைத்தால் நெருப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகை ஆறி, குழாயில் தார் மாதிரிப் படியும். அரை அங்குலம் புகையூறல் சுற்றிவரப் படிந்தால் 6 அங்குலக் குழாய் 5 அங்குலமாகிறது, பரப்பில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. அந்தத் தார் ஒரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கவும் கூடும். மாதத்துக்கொரு முறை நீளத் தடியில் பழைய தேங்காய்நார் தும்பைக் கட்டி இழுத்துவிடுகிறேன்.

இரண்டு விஷயத்தில் தயவுசெய்து விளையாட வேண்டாம். ஒற்றைத் தகரக் குழாய் கூரை மரத்திலிருந்து 18 அங்குலமாவது விலகி நிற்க வேண்டும். அடுத்தது அஸ்பெஸ்டஸ் சீற். எங்கள் வேலைக்கு வந்த பையன் காய்ந்த சீற்றை அப்படியே மெஷினால் வெட்டத் தொடங்கினான், மூக்கில் ஒரு துணிகூட இல்லை. அந்தத் தூள் புற்றுநோய் தருவது. நிறுத்தச் சொல்லி, அந்த ஒரு சீற்றை நனைத்து முழுதாக இறக்கிவிட்டு, அந்த இடத்தில் தகர சீற் போட்டு அதில்தான் ஓட்டை எடுத்தோம்.

அப்புறம், பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். கூரை விளிம்போடு நின்ற எங்கள் பழைய குழாயின் புகை நேரே அவர்களுடைய மேல்மாடி யன்னலுக்குத்தான் போனது. அங்கே ஒரு கைக்குழந்தை. அவர்கள் சண்டைக்கு வரவில்லை, யன்னலைப் பூட்டி வைத்திருந்தார்கள். குழாயை உயர்த்திய மறுவாரம் அது திறந்திருந்தது.

புதிதாகக் குசினி கட்டுகிறவர்கள் கூரை போட முதலே அடுப்பு எங்கே, புகைக்கூடு எங்கே என்று பாஸிடம் காட்டிவிடுங்கள். எங்களுக்குச் சீற் கழற்றிப் போடவே இரண்டு நாள் கூலி போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.