‘நல்லா இறுக்குங்க’ என்பது அளவல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே டூவீலர் எஞ்சினைப் பிரித்துப் பராமரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதில் மூன்று இடங்களில் ‘போல்ட்டை நன்றாக இறுக்கவும்’ என்று இருக்கிறது. எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை. போல்ட் உடைவதே அந்த ‘நன்றாக’வில்தான்.

எஞ்சினின் இரு பக்கமும் மூடியிருக்கும் கிளட்ச் கவர், மேக்னெட் கவரைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் 6 எம்எம் போல்ட்டுகள். அவற்றுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அளவு) போதும். ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் மூன்றரை கிலோ இழுப்பு, அவ்வளவுதான். பைப் செருகி அரை மீட்டர் ஆக்கினால் இரண்டு கிலோ இழுப்பிலேயே அந்த அளவு வந்துவிடும். கைக்குத் தெரியவே தெரியாது. 15, 16 நியூட்டன் மீட்டரைத் தொடும்போது போல்ட் நீள ஆரம்பிக்கும், அல்லது அலுமினிய கிராங்க் கேஸில் (எஞ்சினின் வெளிக்கூடு) இருக்கும் மரை உரிந்து வரும். இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் சட்டென்று லேசானால் கையை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் அரைச் சுற்று’ என்றால் தலை கையோடு வந்துவிடும். மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறைவு. அதே இழுப்புக்குப் போல்ட் கூடுதலாக நீளும்.

உடைந்த பிறகு பலர் முதல் வேலையாக ட்ரில்லை எடுக்கிறார்கள். வேண்டாம். எப்படி உடைந்தது என்று முதலில் பாருங்கள். இறுக்கும்போது தலை முறிந்ததென்றால் இழுவிசை அப்போதே போய்விட்டது. உள்ளே இருக்கும் துண்டு அநேகமாகத் தளர்வாகத்தான் இருக்கும். கவரை எடுத்தால் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளையரோ வைஸ் கிரிப்போ போதும். மட்டத்தோடு முறிந்திருந்தால் கூரான பஞ்ச் (தட்டுவதற்கான எஃகுக் குச்சி) ஒன்றைத் துண்டின் விளிம்பில் வைத்து, கழற்றும் பக்கமாக மெல்லத் தட்டினாலே பல சமயம் சுற்றி வந்துவிடும்.

கழற்றும்போது முறிந்தது வேறு கதை. சைலன்சர் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இதில் பேர்போனது. சூட்டிலும் துருவிலும் ஒட்டிப்போயிருக்கும். துருநீக்கி ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, துண்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். சொட்டுத் தண்ணீர் சுர்ரென்று ஆவியாகும் சூடு போதும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். ஒரே பக்கம் மல்லுக்கட்டாமல், முன்னும் பின்னும் கால் சுற்றாக ஆட்டி எடுக்க வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் 8 எம்எம் நட்டைத் துண்டின் மேல் வைத்து, ஓட்டைக்குள் மிக் வெல்டு (கம்பி ஊட்டிச் செய்யும் மின் வெல்டு) நிரப்பச் சொல்லுங்கள். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, சூடும் உதவும். பேட்டரி வயரைக் கழற்றியிருக்க வேண்டும். சிவப்பு அடங்கிய பிறகே ஸ்பேனர் போடுவது.

கடைகளில் விற்கும் ஈஸி அவுட்டை (உடைந்த துண்டில் துளையிட்டுச் செருகி, திருகி எடுக்கும் கருவி) எங்கள் பட்டறைகளில் கடைசியாகத்தான் தொடுவோம். 6 எம்எம் துண்டுக்குப் போடுவது குச்சி மாதிரி மெல்லியது, கடினப்படுத்திய எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதில் ஏறாது. குறிச்சி சிட்கோ பக்கம் ஸ்பார்க் எரோஷன் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) தேடி அலைய வேண்டும்.

ட்ரில் போட்டே ஆக வேண்டுமென்றால் நடு முக்கியம். முறிந்த முகம் சமமாக இருக்காது. பிட் வழுக்கி, மிருதுவான அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். இதற்கு எளிய வழி உண்டு. வெளிவிட்டம் கவரின் ஓட்டைக்குச் சரியாகவும் உள்துளை 3 எம்எம்மாகவும் ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள சிறு உருளை) கடைந்து வாங்குங்கள். நம்மூரில் எந்த லேத்திலும் சின்ன வேலைதான். கவரை மற்ற போல்ட்டுகளால் மாட்டி, ஓட்டையில் புஷ்ஷைச் செருகி, அதன் வழியாக ட்ரில் இறக்கினால் தப்பாமல் நடுவில் விழும். இடதுசுற்று பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வருவதுண்டு.

மரை போய்விட்டால் எம்-சீல் அப்பி ஒப்பேற்றாதீர்கள். ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போடலாம். 6 எம்எம்முக்கு 6.3 எம்எம் ட்ரில், அதற்கென்று உள்ள டேப் (மரை வெட்டும் கருவி), மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. சுருள் மட்டத்துக்குக் கால் சுற்று உள்ளே நிற்க வேண்டும். மேலே நீட்டினால் கேஸ்கெட் (கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தாள்) உட்காராது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது நீளம். ஒரே கவரில் இரண்டு மூன்று நீளத்தில் போல்ட் வரும். கழற்றும்போதே அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானது குட்டை ஓட்டையில் போனால் அடியில் முட்டி நிற்கும். கவர் இறுகியிருக்காது, ஆனால் ஸ்பேனர் இறுகிவிடும். அடி மூடிய ஓட்டையில் ஆயில் தேங்கியிருந்தாலும் ஆபத்து. ஆயிலை அமுக்க முடியாது, கிராங்க் கேஸில் விரிசல் விடும். துணித் திரியால் ஒற்றியெடுத்துவிட்டு மாட்டுங்கள்.

அடுத்த கட்டுரையில் அளவையும் அச்சிட வேண்டுகிறோம்: 6 எம்எம் போல்ட்டுக்குச் சுமார் 10, 8 எம்எம்முக்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்கள் சிலர்,
கணபதி, கோவை.