கில் டெவில் ஹில்ஸ் போகும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் கல்லூரியில் சேர்வதற்குள் குடும்பத்தோடு காரில் ஒரு சுற்று போய்வர முடிவு செய்ததில் எனக்கும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம்.

வாஷிங்டனிலிருந்து வட கரோலினா கடற்கரைக்குப் போகிறபோது கில் டெவில் ஹில்ஸ் ஊரில் இருக்கும் ரைட் சகோதரர்கள் நினைவிடத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. மூன்று மணி நேரமாவது ஒதுக்கு. கோடைச் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடு. அங்கே வாடகை வீடுகளில் ஆள் மாறும் நாள் அது. கடற்கரைத் தீவுக்குப் போகும் பாலத்துக்கு வெகு தூரம் முன்பிருந்தே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். திடலில் நிழல் கிடையாது, அதனால் காலையிலேயே போய்விடு. பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவிடு. பாதையை விட்டு விலகினால் மணலில் ஒட்டுமுள்ளும் சப்பாத்திக் கள்ளியும் இருக்கும்.

எல்லோரும் நேரே கண்காட்சிக் கூடத்துக்குள் போவார்கள். நீ முதலில் குன்றில் ஏறு. 90 அடி உயர மணல்மேடு அது. புல் வளர்த்து நிலைப்படுத்தியிருக்கிறார்கள். உச்சியில் 1932-இல் திறந்த 60 அடி கருங்கல் தூண் நிற்கிறது. அதைவிடச் சரிவுதான் முக்கியம். எஞ்சினைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அண்ணனும் தம்பியும் இந்தப் பக்கத்துச் சரிவுகளில் கிளைடரில் பழகினார்கள். 1902-இல் மட்டும் ஆயிரத்தை ஒட்டிய முறை. அந்தக் கிளைடரில் பின்பக்கச் செங்குத்து வாலை அசையாமல் பொருத்தியிருந்தார்கள். இறக்கையை முறுக்கித் திருப்பினால் சில நேரம் தாழ்ந்த பக்கமாகவே சறுக்கி மணலைக் குத்தியது. உயரும் இறக்கை கூடுதல் காற்றுத்தடையால் பின்தங்குவதே காரணம். வாலையும் அசையும்படி செய்து, இறக்கை முறுக்கும் கம்பியோடு இணைத்த பிறகு அது சொன்னபடி கேட்டது. என்னைக் கேட்டால் விமானம் பிறந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்து கூடம். 1903 விமானத்தின் முழு அளவு நகல் அங்கே இருக்கிறது. அசல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில். சின்னவனிடம் மூன்றைக் கண்டுபிடிக்கச் சொல். ஒன்று, எஞ்சின் நடுவில் இல்லை, வலப்பக்கம். ஓட்டுபவர் இடப்பக்கம் குப்புறப் படுப்பார். எஞ்சின் அவரைவிடக் கனம் என்பதால் வலது இறக்கை 4 அங்குலம் நீளம் அதிகம். இரண்டு, விமானத்தைத் தள்ளும் இரண்டு சுழலிகளுக்கும் (ப்ரொபெல்லர்) சைக்கிள் மாதிரி செயின்தான், ஆனால் ஒன்று மட்டும் எட்டு வடிவில் குறுக்கே போகும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் திருப்புவிசையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். மூன்று, பல்சக்கரங்கள். எஞ்சின் பக்கம் 8 பல், சுழலிப் பக்கம் 23. எஞ்சின் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றினால் சுழலி ஒரு சுற்று.

பெரியவளுக்குக் காற்றுச் சுரங்கத்தைக் காட்டு. 6 அடி நீள மரப்பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் காற்றை ஊதிச் சின்ன இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. காற்றின் அழுத்தத்துக்கு நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலோர் 0.005 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கிளைடர் எதிர்பார்த்தபடி தூக்காததால் இவர்கள் அதைச் சந்தேகித்தார்கள். கிளைடரில் தாங்களே அளந்த அளவுகளிலிருந்து, 0.0033-ஐ ஒட்டியதுதான் சரி என்று கண்டார்கள். பழைய எண் சரியானதைப் போல ஒன்றரை மடங்கு! அச்சில் வந்துவிட்டதே என்று நம்பாமல் அளந்து பார்த்த அந்தத் துணிவுக்காகவே அவர்கள் மீது எனக்கு இவ்வளவு மரியாதை.

எஞ்சினைச் செய்தவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறு வாரத்தில் முடித்தார், 12 குதிரைத்திறன். அது குலுங்கிய குலுக்கலில் சுழலித் தண்டுகள் முறிந்தன, பல்சக்கர நட்டுகள் கழன்றன. நட்டை இறுக்கிப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயரை ரிம்மில் ஒட்டும் சிமென்ட்டை உருக்கி ஊற்றினார்கள், நின்றது. குழாய்த் தண்டுகளுக்குப் பதிலாகத் திண்ணமான எஃகுத் தண்டு செய்ய தம்பி ஆர்வில் சொந்த ஊரான டேட்டன் வரை போய்த் திரும்பினார்.

1903 டிசம்பர் 14 அன்று நாணயம் சுண்டியதில் அண்ணன் வில்பருக்கு முதல் வாய்ப்பு. மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார், வேகம் செத்து விழுந்தது. பழுது பார்த்து 17-ஆம் தேதி சமதரையில் மீண்டும் முயன்றார்கள். அந்தத் திடலில் கிளம்பிய இடத்தில் ஒரு பாறை, இறங்கிய இடங்களில் நான்கு எண்கற்கள். 120, 175, 200, 852 அடி. முதல் கல்லுக்குச் சின்னவனை 12 விநாடியில் ஓடிப்போகச் சொல். எளிதில் போய்விடுவான், விமானமும் அந்த வேகத்தில்தான் போனது. மணிக்கு 20 மைலுக்கு மேல் எதிர்க்காற்று இருந்ததால் தரையில் அவ்வளவு மெதுவாகத் தெரிந்தது. நான்காவது கல் வரை நடந்தே போங்கள். 59 விநாடி அது.

15 வயது வரை நுழைவு இலவசம். திரும்பும்போது வாஷிங்டனில் அசலையும் பாருங்கள். குறுக்குச் செயினை எட்டு வடிவில் அங்கேயும் சின்னவன் தேடட்டும்.

பெரியவள் எந்தப் பிரிவு எடுக்கிறாள் என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு