நான்ஸை எங்களிடம் கேட்காதீர்கள்: கிரிப்டோ லைப்ரரி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் எழுதும் லைப்ரரிகளை நம்பித்தான் என்னைப் போன்ற அப்ளிகேஷன் நிரலாளர்களின் பிழைப்பு ஓடுகிறது. கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். நாங்கள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த ஃபங்ஷன் எங்களிடம் கேட்கும் நான்ஸ் என்ற ஓர் உள்ளீட்டைப் பற்றித்தான் இந்த மடல்: ஒரே சாவியில் இரண்டாவது முறை வரக் கூடாத எண் அது.

செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஜிசிஎம், பாலி1305 என்ற முறைகளுக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்ட்டரும் வெக்மனும் 1979-இல் யுனிவர்சல் ஹாஷை (செய்தியைச் சின்ன எண்ணாகச் சுருக்கும் எளிய கணக்கை) முன்வைத்து, 1981-இல் அதைக் கொண்டே செய்தியைச் சரிபார்க்கும் வழியையும் காட்டினார்கள். செய்தி முழுவதையும் கனமான கிரிப்டோ ஹாஷில் போட்டு அரைக்கத் தேவையில்லை. செய்தியை ஒரு பல்லுறுப்புக்கோவையாக எடுத்துக்கொண்டு, அதில் ஒரு ரகசிய எண்ணைப் பதிலிட்டு, வரும் விடையை ஒரே ஒரு முறை பயன்படும் இன்னொரு ரகசிய எண்ணால் மறைத்தால் போதும். பாலி1305-இல் 16 பைட்டுக்கு ஒரு பெருக்கல், பிறகு 2-இன் 130-ஆவது அடுக்கில் 5 குறைந்த பகா எண்ணால் வகுத்து மீதி. அழகான கணக்கு, அதில் குறை சொல்ல நான் வரவில்லை.

மறைக்கும் அந்த எண் சாவியிலிருந்தும் நான்ஸிலிருந்தும் பிறக்கிறது; நான்ஸ் திரும்பினால் அதுவும் திரும்பும். அந்த 'ஒரே ஒரு முறை' என்ற நிபந்தனையை யார் தலையில் கட்டுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். பகா எண் 101. ரகசியப் பெருக்கி 37, மறைக்கும் எண் 20. செய்தியை 37-ஆல் பெருக்கி, 20-ஐக் கூட்டி, 101-ஆல் வகுத்த மீதிதான் டேக், அதாவது செய்தியோடு போகும் சரிபார்ப்பு எண். செய்தி 5 என்றால் டேக் 3. செய்தி 9 என்றால் டேக் 50. மறைக்கும் எண்ணை மாற்றாமல் இரண்டையும் அனுப்பிவிட்டோம் என்று வையுங்கள். ஒட்டுக்கேட்பவர் கழித்துப் பார்க்கிறார்: டேக்குகளின் வித்தியாசம் 47, செய்திகளின் வித்தியாசம் 4. நான்கால் பெருக்கினால் 47 மீதி தருவது எது? 37. பெருக்கி கிடைத்ததும் 20-ம் தானாக விழுகிறது. இனி செய்தி 6-க்கு அவரே 40 என்று டேக் போட்டு அனுப்பலாம். உங்கள் சரிபார்ப்பு தலையாட்டும்.

நிஜத்தில் எண்கள் பெரியவை, ஆனால் வழி இதுதான். சாச்சா20 என்ற சைஃபருடன் வரும் பாலி1305-இல் பெருக்கியும் நான்ஸுக்கு நான்ஸ் மாறுவதால் சேதம் அந்த ஒரு நான்ஸோடு நிற்கும். ஜிசிஎம்மில் நிலைமை மோசம்: சாவி மாறும்வரை பெருக்கி ஒன்றேதான். ஒரு தடவை நான்ஸ் திரும்பினால், அந்தச் சாவியில் போன எந்தச் செய்தியையும் திருத்தி அனுப்பலாம். 2006-லேயே கிரிப்டோ ஆய்வாளர் ஆந்த்வான் ஜூ இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். பத்து வருடம் கழித்து, 2016-இல், ஹன்னோ பொக்கும் உடன் ஆய்வாளர்களும் இணையத்தை அலசியபோது நான்ஸைத் திரும்பப் பயன்படுத்திய 184 எச்டிடிபிஎஸ் சர்வர்கள் சிக்கின. நான்ஸை ரேண்டமாகத் தேர்ந்தெடுத்து, திரும்பும் அபாயத்தில் இருந்தவை 70,000-க்கும் மேல்.

"டாக்குமெண்டேஷனில் எழுதியிருக்கிறோமே" என்பீர்கள். எழுதியிருக்கிறீர்கள், உண்மை. ஆனால் எங்களில் பலர் எச்மேக் என்ற, ஹாஷை வைத்துச் சரிபார்க்கும் முறையில் பழகி வந்தவர்கள். அதற்குச் சாவியும் செய்தியும் போதும், ஒரே செய்தியை ஆயிரம் தடவை போட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தோடு வருபவரிடம் 12 பைட் அளவில் ஒரு அர்ரேயை நீட்டி "நிரப்பு" என்றால், முதலில் பூஜ்ஜியத்தைத்தான் நிரப்புவார். கவுன்ட்டர் வைப்பவரும் தப்ப முடியாது. விர்ச்சுவல் மெஷினைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் கவுன்ட்டரும் பின்னால் போய்விடும். ரேண்டமாக எடுத்தால், 96 பிட் நான்ஸுக்கு ஒரு சாவியில் 2-இன் 32-ஆவது அடுக்கு செய்திகளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி. அதை எண்ணிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனை நான் பார்த்ததே இல்லை.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் டிஎல்எஸ் 1.3 இதைத் தீர்த்த விதத்தைப் பாருங்கள்: ரெக்கார்டின் (அனுப்பும் ஒவ்வொரு துண்டின்) வரிசை எண்ணிலிருந்தே நான்ஸ் பிறக்கிறது, அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் இயல்பான சீல் (செய்தியைப் பூட்டும்) ஃபங்ஷனும் அப்படியே இருக்கட்டும். சாவியும் செய்தியும் வாங்கிக்கொண்டு, 24 பைட் நான்ஸை நீங்களே ரேண்டமாக எடுத்து, அந்த நீளத்து நான்ஸை ஏற்கும் எக்ஸ்சாச்சா20-பாலி1305-இல் பூட்டி, நான்ஸை முன்னால் ஒட்டித் திருப்பித் தாருங்கள். ஏஇஎஸ் சைஃபர்தான் வேண்டும் என்பவருக்கு 2019-இல் ஆர்எஃப்சி 8452 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்த ஜிசிஎம்-எஸ்ஐவி இருக்கிறது. அங்கே நான்ஸ் திரும்பினாலும் ஒரே செய்தி மறுபடி போனது தெரியுமே தவிர, பெருக்கி வெளியே வராது. கொஞ்சம் வேகம் குறையும். குறையட்டும்.

நான்ஸ் வாங்கும் ஃபங்ஷனை அடியோடு எடுத்துவிடச் சொல்லவில்லை. புரோட்டோகால் எழுதுபவருக்கு அது வேண்டும். பெயரிலேயே எச்சரிக்கை தெரிகிற தனி மாட்யூலுக்குள் தள்ளிவையுங்கள். டேக்கை 32 பிட்டுக்குச் சுருக்க விடும் ஆப்ஷனும் அதே மூலைக்குப் போகட்டும்.

இன்னொன்று. உங்கள் டெஸ்ட் வெக்டர்கள் (விடை முன்பே தெரிந்த மாதிரி உள்ளீடுகள்) எல்லாம் சரியான விடை வருகிறதா என்றுதான் பார்க்கின்றன. ஒரே சாவியில் அதே நான்ஸோடு இரண்டாவது தடவை சீல் செய்யக் கேட்டால் ஆப்ஜெக்ட் எரர் கொடுக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை அடுத்த ரிலீஸில் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஃபங்ஷன்களைக் கூப்பிட்டே காலம் தள்ளும் ஒரு நிரலாளர்