அந்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இல்லாவிட்டால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நிதானமாகப் படி.

போதை சிகிச்சை மையத்தில் நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையை அடுத்த மாதத்தோடு விட்டுவிடலாம் என்று இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். பெரியப்பா உனக்குப் போன் பண்ணி, "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையப் பிடிச்சிருக்க, இதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணுமா" என்று கேட்டது உன்னை உறுத்தியிருக்கிறது. பெரியப்பா உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. சர்வீஸ் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

நீ ஊசியில் ஏற்றியது டேபென்டடால். ஆபரேஷன் ஆனவர்களுக்கும், கடும் வலியில் துடிப்பவர்களுக்கும் எழுதுகிற மாத்திரை. அபின் போய் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்குமோ, அதே இடத்தைத்தான் இதுவும் பிடிக்கும். லோடு இறக்குகிற வேலையில் முதுகு வலிக்கு என்று ஒருத்தன் கொடுத்த அட்டையில்தான் உனக்கு ஆரம்பித்தது. பழகப் பழக ஒன்று போதாமல் இரண்டு கேட்டது, அப்புறம் விழுங்கினால் போதாமல் ஊசி கேட்டது. இது உன் குணக்கேடு இல்லை, அந்த மருந்தின் வேலையே அதுதான்.

இப்போது உனக்குக் கொடுப்பது புப்ரெனார்பின். அதுவும் அதே இடத்தில்தான் போய் உட்காரும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் வேலை செய்யாது. டவுன் பஸ்ஸில் சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் அடுத்து ஏறுகிறவன் நிற்க வேண்டியதுதானே, அதுபோல இது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பழைய மருந்துக்கு அங்கே இடம் கிடைக்காது. மெதுவாகத்தான் விலகும், அதனால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஒரு அளவுக்கு மேல் போதையும் ஏறாது. ஒழுங்காக எடுத்துக்கொள்கிற ஆள் வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம். நீ இப்போது இரண்டு மாதமாகச் சம்பளம் வாங்குவதும், தங்கச்சியிடம் பழையபடி வம்பு பண்ணுவதும் எதனால் என்று நினைக்கிறாய்? உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இது சிகிச்சை. யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து அப்படியே சொல்.

போதை மருந்து இல்லாத அந்த முதல் வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே இருந்தது. வரிசையாகக் கொட்டாவி. மே மாத வெக்கையில் கையெல்லாம் புல்லரித்துப்போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கும் பாய்க்குமாக நடந்தாய், கால் குடைகிறது என்று சுவரில் உதைத்தாய். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அது ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் மனசில் கிடக்கிற ஆசை அந்தக் கணக்கில் அடங்காது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதற்குத்தான் இந்த மாத்திரை.

எனக்கு ராத்திரித் தூக்கம் போவது வேறொரு காரணத்தால். போதை மருந்தைக் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். அது தெரியாமல் ‘ஒரே ஒரு தடவை’ என்று முன்பு போட்ட அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். போதையை நிறுத்திவிட்டு வந்த பையன்களைத்தான் நான் கேஷுவாலிட்டியில் அப்படிப் பார்த்திருக்கிறேன். உதடு நீலம் பாய்ந்து, கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, தட்டினாலும் முழிக்காமல். உன் ரூமில் இருக்கிற பையனிடம் இதைச் சொல்லி வை. என்றைக்காவது நீ அப்படிக் கிடந்தால் தூங்குகிறான் என்று விட்டுவிடக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, என்ன மருந்து போட்டாய் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். அதை முறிக்க நலாக்சோன் என்று ஊசி இருக்கிறது. வண்டி வரும்வரை மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இன்னொன்று, இந்த மாத்திரை எடுக்கிற காலத்தில் பீரும் வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். சேர்ந்தால் அதுவும் மூச்சை அமுக்கும்.

உன் இடது கை எப்படி இருக்கிறது? அந்தக் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தபோது டாக்டருக்குப் பக்கத்தில் டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு மாவும் டால்க் தூளும் சேர்ந்திருக்கும். அதை எவ்வளவு கரைத்து வடிகட்டினாலும் முழுசாகப் போகாது, ரத்தக்குழாயைப் போய் அடைக்கும். இப்போது ஆறியிருந்தாலும் காய்ச்சல் வந்தால் சாதாரணமாக விடாதே. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்தாயா என்று போன மாதம் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. ஊசியை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஹெபடைடிஸ் சி வந்திருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் டெஸ்ட் எடுத்தால்தானே தெரியும்? இந்த வாரமே போ.

ஊரில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோயிலில் கயிறு கட்டு என்று சித்தி சொல்கிறாள். உனக்கு நம்பிக்கை இருந்தால் வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன், ஆனால் கயிற்றைக் கட்டிவிட்டு மருந்தை விடக் கூடாது. அடித்துத் திருத்துகிற இடம் ஒன்று இருக்கிறதாம், சங்கிலியில் போட்டுவிடுவார்களாம். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது, போதை நோயும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டேன். ‘கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று ஜாதகத்தோடு வந்த மாமாவையும் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து உனக்கு மருந்தாக்க எனக்கு மனசு வராது. நீ நன்றாக ஆகி, உனக்கே கேட்கத் தோன்றும்போது கேள், சந்தோஷமாகப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் தர மாட்டேன். ரூம் வாடகையை வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுகிறேன், மெஸ் பணத்தையும் அப்படியே. தங்கச்சியிடமும் கேட்காதே, அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இதில் உனக்குக் கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மறுபடி தவறிப் போட்டுவிட்டாய் என்றால், அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி. நான் திட்ட மாட்டேன், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன், பஸ் ஏறி வந்துவிடுவேன். எனக்கு லைன் கிடைக்கவில்லை என்றால் 14446-க்கு அடி, போதை மறுவாழ்வுக்கான இலவச எண் அது. மறுநாள் காலையில் மையத்துக்குப் போய் நடந்ததை டாக்டரிடம் சொல். தவறியதற்காக மருந்தை விட்டுவிடாதே.

எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரும் நீயும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள். படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அதில் பெரியப்பாவுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை.

ஆவணியில் சித்தி மகள் கல்யாணம். நீ வரத்தான் வேண்டும். மூன்று நாளாவது இருக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவார்களா, இல்லை இங்கே தூத்துக்குடியில் எங்காவது வாங்கிக்கொள்ள எழுதித் தருவார்களா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. பதில் தெரிந்த பிறகு டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா