கடன் வாங்கிய வேகம்

பனகுடி
ஆடி 8

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலிக்கு நீ எழுதிய எண்ணெயை இன்னும் வாங்கவில்லை. வீட்டில் வேறு கலவரம். என் தம்பி மகன் விமானத்தோடு விழுந்துவிட்டான். பதறாதே. இடது மணிக்கட்டில் ஒரு கட்டு, உதட்டில் இரண்டு தையல், அவ்வளவுதான்.

வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி, பெயர் வேண்டாம். தனியாக ஓட்டிய நாள். செஸ்னா 172 என்கிற சின்ன விமானம். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து 1,111 கிலோவைத் தாண்டக் கூடாதாம். நீ வைத்திருந்த அம்பாசடர் காருக்கு 11 மீட்டரில் இறக்கை கட்டியதாக வைத்துக்கொள்.

வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்கு அவனை அழைக்கப் போயிருந்தேன். ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். வெளியே வந்தவன், "பெரியப்பா, காற்றின் திசை காட்டும் அந்தத் துணிப்பை விறைத்து நிற்கிறது, பார்த்தீர்களா?" என்றான். நலம் விசாரித்ததெல்லாம் அப்புறம்தான்.

மத்தியானம் வீட்டு முன்தாழ்வாரமான தார்சாவில் இலை போட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் ஆடி மாத மேல்காற்று உனக்குப் புதிதா என்ன? இலையின் இடது ஓரம் எழும்பி, ரசம் அவன் மடியில் கொட்டப் பார்த்தது. அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்து அந்த ஓரத்தில் வைத்தான். "இதேதான் பெரியப்பா. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து இறக்கை எழும்பும். இறக்கையின் பின்னோரத்தில் அசைகிற பலகையை, அதுதான் அய்லெரான், அதைத் திருப்பி இப்படி அமுக்கிப் பிடிக்க வேண்டும்." வால் வேறு காற்றுத் திசைகாட்டி போலத் திரும்பி, மூக்கைக் காற்றுக்கு நேரே கொண்டுபோகுமாம். அதைக் காலால் சரிக்கட்ட வேண்டும். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

விழுந்தது வேறு காரணத்தால். சக்கரம் எவ்வளவு வேகமாக உருண்டாலும் விமானத்துக்கு அது கணக்கில்லை. இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம்தான் கணக்கு. 55 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர் சுமாருக்கு, வந்ததும் மூக்கைத் தூக்க வேண்டும். இடதுமுன்புறமிருந்து ஒரு வீச்சு வந்ததில் வேகம் காட்டும் முள் சட்டென்று 55-ஐத் தொட்டிருக்கிறது. இவன் தூக்கிவிட்டான். விமானம் ஓடிச் சம்பாதித்த வேகமா அது? காற்று கொடுத்த கடன். பத்தடி உயரம் போனதும் காற்று ஓய்ந்து, கடனைத் திருப்பிக் கேட்டுவிட்டது. வலப்பக்கம் ஒதுங்கியபடியே கீழே வந்து, பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, முன்சக்கரம் ஒடிந்து, புரொப்பல்லர் மண்ணைக் கொத்தி மடங்கிப்போனது. இந்த மாதிரிக் காற்றில் இன்னும் கொஞ்சம் வேகம் சேரும்வரை தரையிலேயே பிடித்து வைத்து, பிறகு ஒரே தூக்காகத் தூக்க வேண்டுமாம். இப்போது சொல்கிறான்.

"பக்கக் காற்று 12 நாட்தான் இருந்தது, 15 வரை பறந்து காட்டியிருப்பதாகக் கையேட்டிலேயே இருக்கிறது" என்று வாதாடினான். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பந்தலில் காற்றாலைக்குக் கீழே எத்தனை வருஷம் நின்றவன் நான்! நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் காற்றாலை தானே நின்றுகொள்ளும்; அதில் பயமில்லை. விட்டுவிட்டு அடிக்கிற காற்றுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். 12 என்பது சராசரி. அன்றைக்கு வீச்சு எவ்வளவு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாளில் அவனைத் தனியாக ஏற்றிவிட்டவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

என் அம்மா சாஸ்தா கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, "காற்று அடங்காமல் பிள்ளையை அனுப்பாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆடி போய்த்தான் போவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஆடி 25-க்கே டிக்கெட் எடுத்துவிட்டான், அம்மாவுக்குத் தெரியாது. நீ போன் செய்தால் உளறிவிடாதே.

எண்ணெயின் பெயரை இன்னொரு முறை எழுது. சீட்டைக் காற்று கொண்டுபோய்விட்டது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்